சூப்பு கறியில் சேர்த்தியில்லை

என் வீட்டுக்காரர் பொழுதோடு தறிக் குடோனிலிருந்து வீட்டுக்கு வரும்போது, நான் வாசலில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு நிற்பேன். கொடியில் காய்ந்த துணியை எடுப்பது, செருப்புகளை ஓரமாகத் தள்ளுவது, ஒன்றுமே இல்லையென்றால் சீமாறும் கையுமாக. அவர் என்னைத் தாண்டிப் போகிற ஒரு மூச்சு நேரம் எனக்குப் போதும். பஞ்சு, தறி எண்ணெய், வேர்வை. இந்த மூன்றையும் தாண்டி நாலாவதாக ஒரு வாசம் வருகிறதா என்று என் மூக்கு பார்த்துவிடும். அவருக்கும் இது தெரியும். நான் நிற்பதைக் கண்டால் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

காரணமில்லாமல் நான் மோப்பம் பிடிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தவர், வாய்க்கால் மேட்டில் அவளோடு சேர்ந்து விழுந்தார். நல்ல போதை. பிள்ளைக்குப் புருவத்துக்கு மேல் தையல் போட வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் அழவில்லை, கத்தவில்லை. அடுத்த அமாவாசைக்கு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய், மகள் தலையில் அவர் கையை வைக்கச் சொல்லி, சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். இனி ஒரு சொட்டு வாயில் பட்டது தெரிந்தால் மகளோடு பெருந்துறைக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன் என்றும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். "திரும்ப மாட்டனுங்க, பாத்துக்கோங்க." அவர் நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டதாக ஊரே சொன்னது. ஊர் சொன்னால் ஆயிற்றா? மகள் கோயமுத்தூருக்குக் காலேஜ் படிக்கப் போய் விடுதியில் தங்கிய பிறகும் என் மூக்கு ஓய்வெடுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் விடிகாலையில் அவர் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். வலது கால் பெருவிரல் அடியில் பழுத்த தக்காளி மாதிரி சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே பல்லைக் கடித்தார். "மின்விசிறிய நிறுத்து புள்ள, காத்துக் கூட நோகுது" என்றார். காற்றுக்கு நோகிற கால் எங்காவது உண்டா? எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? எங்கேயோ விழுந்திருக்கிறார். நிதானத்தில் இருப்பவன் எதற்கு விழுகிறான்? குனிந்து காலைப் பார்க்கிற சாக்கில் அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி சாப்பிட்ட ரசத்தின் பூண்டு வாசம்தான் வந்தது.

தறியில் இடித்திருக்கும், சுளுக்கு விழுந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைத்தேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அக்கட்டால எடு, அக்கட்டால எடு!" என்று என் வீட்டுக்காரர் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வயதில் ஓர் ஆம்பிளை ஒத்தடத்துக்கு இப்படியா கத்துவது?

காலுக்கு ஒன்றென்றால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்கமாட்டார்கள். கால் நோவுக்குக் கால்தான் மருந்து. கறிக்கடை பாய்க்குப் போன் போட்டால், ஆட்டுக்காலை நன்றாக வாட்டி, சுரண்டி, துண்டு போட்டு வைத்திருப்பார். அதை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, போசியில் நாள் முழுக்க அடுப்பில் விட்டால், எலும்பிலிருக்கிறதெல்லாம் இறங்கி விரலில் ஒட்டுகிற மாதிரி ஒரு சாறு வரும். பிள்ளை பெற்றவளுக்கு அதுதான், கீழே விழுந்தவனுக்கு அதுதான், மாரத்தான் ஓடுகிற பையனுக்கும் அதுதான். நான் வைத்தேன். காலையும் மாலையும் ஒரு பெரிய டம்ளர். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. விரல் தோல் உரிந்து பழைய மாதிரி ஆகிவிட்டது. "பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவரும் "ஆமா புள்ள, உன்ற சூப்புதான்" என்றார். அப்புறம் ஞாயிறும் புதனும் எங்கள் வீட்டில் சூப்பு தவறவேயில்லை. வந்த நோவு திரும்ப வராமலிருக்க வேண்டுமல்லவா?

திரும்ப வந்தது. மழைக்காலம் முடிகிற சமயம், அதே விரல், இன்னும் பலமாக. இந்தத் தடவை மகள் போனிலேயே என்னைத் திட்டி, பல்லடத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்க வைத்தாள். ஆஸ்பத்திரியும் ரத்தம் எடுக்கிற லேபும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அதைப் பார்த்தவுடனேயே எனக்கு உள்ளுக்குள் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு. காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் "கவுட் மாதிரி இருக்குதுங்க" என்றார். உடம்பில் யூரிக் ஆசிட் என்று ஒன்று ஊறும், அது சிறுநீரில் போய்விட வேண்டும், போவது குறைந்து சேர்வது கூடினால் மூட்டுக்குள் ஊசி ஊசியாக உறைந்துவிடும், பெருவிரல் குளிர்ச்சியான இடமாதலால் அங்கேதான் முதலில் உட்காரும் என்று விளக்கினார். வெந்நீர் ஒத்தடம், உப்பு ஒத்தடம் எதுவும் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ்தான் வைக்க வேண்டும், காலை ஆட்டாமல் தூக்கி வைக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அதற்கப்புறம் கேட்டார்.

"பீர் குடிப்பீங்களா?"

என் வீட்டுக்காரர் "இல்லீங்க" என்றார். ஆனால் சொல்வதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வை! குடிக்காதவன் எதற்குப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறான்?

"கறி அதிகமா சாப்பிடுவீங்களா?" என்று அடுத்த கேள்வி.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அது பொய்யில்லை. சூப்பைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சூப்பு கறியில் சேர்த்தியில்லை. அது மருந்து. டாக்டரிடம் போய் நான் வீட்டில் என்னென்ன மருந்து வைக்கிறேன் என்று ஒப்பிக்கவா முடியும்?

ரத்தத்தில் பார்த்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்போதும் அந்த அம்மா விடவில்லை. நோவு இருக்கும்போது சில பேருக்கு அளவு சரியாகவே காட்டும், அடங்கினபிறகு சில வாரம் கழித்து வந்து மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் தினமும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று ஆரம்பிக்கலாம் என்றார். இப்போதைக்கு வலி மாத்திரை மட்டும் எழுதினார். வெளியே வந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். "ரத்தத்துல இல்லாத வியாதி கால்ல எப்படிங்க வரும்? இல்லைன்னு வந்தா மறுபடி எடுக்கணுமாம், இருக்குன்னு வந்தாலும் எடுக்கணுமாம். லேபுக்குக் கூட்டம் சேக்கறாங்க. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். நான் சூப்பு வெக்கறேன்." அவர் நொண்டி நொண்டி வண்டிக்குப் போனார்.

டாக்டரை நம்பவில்லை என்றேன் அல்லவா? ஆனால் அந்தம்மா கேட்ட ஒரு கேள்வியை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். அன்று பொழுதோடு மகளுக்குப் போன் போட்டு, "கவுட்டுங்கறாங்களே, அது எதுனாலடா கண்ணு வரும்?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன். அவள் போனில் தட்டிப் பார்த்துப் படித்தாள். பரம்பரையாக வரும், உடம்பு எடை கூடினால் வரும், சில மாத்திரைகளால் வரும், கறியால் வரும், பீரால் வரும். மற்றதெல்லாம் என் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. கடைசி வார்த்தை உள்ளே உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் இந்த வீட்டில் அவர் செய்த ஒவ்வொரு காரியமும் எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. எந்நேரமும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், குடோனுக்குப் போகும்முன் ஒன்று. முன்பெல்லாம் தறிச் சூட்டில் நின்றுகொண்டு நாளெல்லாம் டீயைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இந்தத் தாகம் எங்கிருந்து வந்தது? குடித்தவனுக்குத்தான் விடிந்ததும் நாக்கு வறளும், எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா தண்ணீர் குடிக்கச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது. வந்தாலும், ஒரே நாளில் யாராவது டாக்டர் பேச்சைக் கேட்பார்களா என்று அதையும் ஓரமாக வைத்துவிட்டேன்.

கருப்பராயன் கோயில் கிடாவெட்டுக்குப் போனோம். ஈரல் வறுவல் என்றால் இலையை விட்டு எழாத மனிதர், அதைத் தொடவேயில்லை. குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். வயிறு நிறைந்தவன்தான் பாதியில் எழுவான். எங்கே நிறைத்துக்கொண்டு வந்தார்? சனிக்கிழமைகளில் கூலி கொடுத்துவிட்டு முன்னெல்லாம் நேராக வீட்டுக்கு வருவார். இப்போது நூல் கம்பெனிக்குப் போகிறேன் என்று பல்லடம் பக்கம் போய், பொழுது விழுந்து வந்தார். வாசலில் நின்று முகர்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முன்பு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது அவருக்கு. மாட்டிக்கொள்ளத் தெரிந்த ஆள்தான்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பை டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"ஏனுங்க, ஆறிப்போச்சுங்களே?"

"இன்னைக்கு வேண்டாம் புள்ள. வயிறு சரியில்ல."

"வயிறு எதுனால சரியில்லைங்க?"

"சும்மாதான்."

"வெளியில எங்க தின்னுபோட்டு வந்தீங்க?"

"நான் எங்கயும் திங்கல."

"திங்காதவருக்கு ஊட்டுச் சூப்பு எதுக்குங்க இறங்க மாட்டேங்குது? நேத்து எங்க போனீங்க? நூல் கம்பெனி சனிக்கெழம எத்தன மணி வரைக்குமுங்க தொறந்திருக்கும்? நான் போன் பண்ணிக் கேக்கட்டுங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்குமோ என்னவோ. அவர் டம்ளரை எடுத்து, ஆறிப்போய்க் கொழுப்பு மிதந்த சூப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். நான் அதையும் நம்பவில்லை. அன்றைக்கே இரண்டு பையை எடுத்து, என் துணியையும் மகளின் துணியையும் மடித்து வைத்தேன். அவர் பார்க்கும்படியாகத்தான் வைத்தேன்.

இரண்டொரு வாரத்தில் என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பருத்திக்கொட்டை அரைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்தார். உட்கார்ந்து, காப்பி குடித்து, தொண்டையைச் செருமினார். "அம்மணி, நான் சொன்னன்னு சொல்லிப்போடாத. தம்பியோட வண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒயின் ஷாப்பு சந்துல நின்னுதுங்கறாங்க. ஒருக்கா இல்ல. போன வாரமும் நின்னுதாம்." தம்பியைப் பற்றி அக்காவே வந்து சொல்கிறார்! இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு அழுகைகூட வரவில்லை. நங்கையா காப்பி குடித்த டம்ளரை வெறுமனே கழுவிக்கொண்டேயிருந்தேன். மகள் தலையில் வைத்த கை அது. அந்தக் கையால் ஒருத்தன் எப்படிக் குடிப்பான்?

மறுநாள் அவர் நூல் ஏற்றப் போயிருந்தபோது குடோனுக்குப் போனேன். தறிகள் ஓடுகிற சத்தத்தில் நான் வந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உட்காருகிற மேஜைக்குப் பக்கத்தில், ஊடை நூல் சுற்றுகிற பழைய தார்க்குச்சிகளைப் போட்டு வைக்கிற தகரப் பெட்டி. எத்தனை பாட்டில் இருக்குமோ என்று கையை விட்டேன். பாட்டில் இல்லை. அடியில், பாலித்தீன் பையில் சுருட்டி, மாத்திரை அட்டைகள். பாதி தின்றவை, முழுசாக இருந்தவை. வீட்டிலுள்ள மாத்திரையெல்லாம் என் அலமாரியில்தான் இருக்கும். பிரஷருக்கு, தலைவலிக்கு, எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இவற்றை நான் பார்த்ததேயில்லை. குடியை நிறுத்துவதற்கென்று மாத்திரை விற்கிறார்கள் என்று ஒருத்தி கோயிலில் சொல்லிக் கேட்டிருந்தேன். நிறுத்த மாத்திரை தின்கிறார் என்றால் என்ன அர்த்தம்? குடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அங்கேயே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, நான் அங்க வந்து இருந்துக்கலாமா?" என்று கேட்டேன். அண்ணன் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. "உன்ற ஊடு அம்மணி. எப்ப வேணும்னாலும் வா" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆனால் நான் சும்மா போகிறவள் இல்லை. போனால் ஆதாரத்தோடு போக வேண்டும். நாளைக்கு ஊரும் உறம்பரைச் சொந்தமும் "சந்தேகக்காரி, அதான் பொழைக்கல" என்று என்னைத்தான் சொல்வார்கள். அதற்குள் அவருக்கு மூன்றாவது தடவையாகக் கால் வீங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிகாலை ஊன்றி, விரல் தரையில் படாமல் நடந்தார். ரப்பர் செருப்பின் வாரை அவிழ்த்து விட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "கெளம்புங்க, டாக்டரம்மாகிட்டப் போலாம்" என்றேன். பிரேக்கை மிதிக்க முடியாத கால், அதனால் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். என் கைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

டாக்டரம்மா எங்களைப் பார்த்து நிமிர்வதற்குள் நான் அட்டையை மேஜைமேல் வைத்தேன். "டாக்டர், இவரு குடிக்கறாரான்னு ரத்தத்துல கண்டுபிடிக்க முடியுங்களா? முடிஞ்சா இப்பவே எடுங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது யூரிக் ஆசிட்டக் கொறைக்கற மாத்திரைங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன். ரெண்டாவது தடவ சார் தனியா வந்தாருங்களே, அப்ப எடுத்த டெஸ்ட்டுல அளவு நல்லா கூடியிருந்துச்சு." அவர் பக்கம் திரும்பினார். "தெனமும் சாப்பிடறீங்கல்லங்க?"

"சாப்பிடறனுங்க."

"அப்ப சூப்ப நிறுத்திட்டீங்களா?"

அவர் செருப்பின் அவிழ்ந்த வாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்புங்களா?" என்றேன் நான்.

"ஆட்டுக்கால் சூப்பு வாரத்துல ரெண்டு நாள், பெரிய டம்ளர்ல குடிக்கறேன்னு சொன்னாருங்க. அப்பவே நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஈரல், குடல், தலைக்கறி, எலும்புச் சாறு, இதெல்லாம் யூரிக் ஆசிட்ட ஏத்தும். கால் நோவுன்னு இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு அதுக்குச் சூப்பு குடிச்சிட்டுத்தான் வர்றாங்க. நோவு எப்படியும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கும். பேரு சூப்புக்குப் போயிருது."

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் என் வாய் விடவில்லை. "அப்ப பீரு?"

"ஒரு டெஸ்ட்ட வெச்சு ஒருத்தர் குடிக்கவேயில்லைன்னு நான் எழுதித் தர முடியாதுங்க. ஆனா இவருக்கு இந்த நோவு வர்றதுக்குப் பீரு தேவையே இல்ல. பரம்பரை வாகு இருக்கும், பிரஷர் மாத்திரை ஒண்ணு அதுக்குத் தோதா இருக்குது, அதையும் இன்னைக்கு மாத்தி எழுதறேன். மீதிக்கு நீங்க குடுத்த சூப்பே போதுமுங்க." அதில் குத்தல் எதுவும் இல்லை. அப்புறம் அவரிடம், மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்கள் நோவு இப்படி வந்து வந்து போகும், அதற்குப் பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்துகிறவர்கள்தான் கடைசியில் கால் கோணி, கிட்னியில் கல் சேர்ந்து வருகிறார்கள் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் ஒன்றுக்கும் ஆட்டவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன், அவர் பின்னால். ஊரைத் தாண்டி, கோழிப்பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒயின் ஷாப்பு சந்துல வண்டி எதுக்குங்க நின்னுது?"

"அங்க ஒரு மெடிக்கல் இருக்குது. நம்மூரு மெடிக்கல்ல வாங்குனா அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்னங்க? மருந்துதான?"

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு நீதான சொன்னே. எதுக்குப் போனீங்கன்னு கேப்பே. டாக்டரு என்ன சொன்னாங்கன்னு கேப்பே. சூப்பு குடிக்கக் கூடாதுன்னாங்கன்னு நான் சொல்லோணும்."

"சொல்ல வேண்டியதுதானுங்க!" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எதிரே வந்த வேனுக்காக ஓரம் கட்டினேன். "வெசத்தத் தெரிஞ்சே குடிப்பாங்களா ஒரு மனுசன்? நான் ஊத்தி ஊத்திக் குடுக்கறேன், நீங்களும் குடிச்சுக் குடிச்சுக் கவுத்துக் காட்டறீங்க! என்ன ஜென்மமுங்க நீங்க?"

"ஒரு நாள் வேண்டாம்னேன் புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டி ரோடு கலங்கியது. வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அதை முகர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"கால் நோவு வந்தா ஒரு வாரத்துல போயிருது" என்றார் பின்னாலிருந்து. "உனக்குச் சந்தேகம் வந்தா போறதில்ல. நீ பையெடுத்து வெச்சே. புள்ளையக் கூட்டீட்டுப் போயிருவியேன்னு இருந்துச்சு. அதுக்கு இது தேவலைன்னு குடிச்சுபோட்டேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்மேல் வந்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே கேட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? "இன்னும் என்னென்னத்தையெல்லாமுங்க எங்கிட்ட மறச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

லாரி ஒன்று கோழிக்கூண்டுகளோடு எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் அவர் என் தோளைத் தொட்டார்.

"நோகுது புள்ள" என்றார். "ரொம்ப நோகுது."

அந்த டாக்டரம்மா பீரைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து, அவர் என்னிடம் நோகுதென்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வண்டியை எடுத்தேன். மேடு பள்ளம் பார்த்து, அவர் கால் குலுங்காமல், மெல்ல ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.